ரத்தம் வரும் இறகு: பிடுங்கலாமா?

கேள்வி: நேற்று நள்ளிரவில் கரன்ட் போனதும் எங்கள் காக்டெய்ல் கிளி மிரண்டு கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் எங்கும் ரத்தத் தெறிப்பு. இறக்கையில் ஒரு இறகு முறிந்திருக்கிறது. ரத்தம் இப்போது நின்றுவிட்டது. ஆனாலும் பறவைக் கடைக்காரர், "உடனே பிடுங்கிடுங்க, இல்லைன்னா செத்துடும்" என்கிறார். பிடுங்கலாமா?

பதில்: வேண்டாம். ரத்தம் நின்ற இறகில் கையே வைக்காதீர்கள்.

முளைத்துவரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும். அடிப்பக்கம் கருநீலமாகத் தடித்துத் தெரிவது அதனால்தான். வளர்ந்து முடிந்ததும் ரத்தம் வற்றித் தண்டு வெளுத்துவிடும். வளரும் நேரத்தில் முறிந்தால் சொட்டும். இறக்கையை உதறுவதால் நாலு சொட்டு ரத்தம் நாற்பது இடத்தில் தெறித்து, கொலை நடந்த வீடு மாதிரி ஆகிவிடும். அதற்காக அலட்சியமும் கூடாது. 90 கிராம் காக்டெய்லின் உடம்பில் இருப்பதே சுமார் 9 மில்லி ரத்தம், இரண்டு டீஸ்பூன்கூட இல்லை. ஒரு மில்லி போனால் தாங்கும், அதற்கு மேல் ஆபத்து.

பிடுங்குவது பழைய வைத்தியம். டாக்டர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். இறக்கையின் பெரிய இறகுகள் எலும்போடு பிணைந்தவை. பழகாத கை இழுத்தால் எலும்பு முறியலாம், அல்லது இறகு ஊன்றிய குழி கிழிந்து உள்ளிருந்து ரத்தம் வரும். அந்த ரத்தத்தை எந்தப் பொடியாலும் நிறுத்த முடியாது.

மறுபடி ரத்தம் வந்தால், பறவையை மெல்லிய துண்டில் சுற்றுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தாதீர்கள். நெஞ்சு விரிந்தால்தான் பறவை மூச்சுவிட முடியும், இறுக்கிப் பிடித்தே கொன்றவர்கள் உண்டு. முறிந்த இடத்தில் கார்ன்ஃப்ளாரோ மைதாவோ ஒரு சிட்டிகை வைத்து, சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிடியுங்கள். நின்றதா என்று நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்க்காதீர்கள். அப்புறம் கூண்டை வெளிச்சம் குறைந்த, ஃபேன் காற்று படாத மூலையில் வையுங்கள்.

காப்பித்தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் கை வெட்டுப்பட்டால் முதலில் ஓடுவது அந்த டப்பாவுக்குத்தான். பறவை அந்த இடத்தைக் கோதித் தின்னும், கஃபீன் அதற்கு விஷம். கடையில் விற்கும் ரத்தம் நிறுத்தும் பொடி நகத்துக்குச் சரி. கிழிந்த தோலில் பட்டால் சுட்டுவிடும். ஆயின்ட்மென்ட்டும் எண்ணெயும் இறகைப் பிசுபிசுப்பாக்கிப் பறவையைக் குளிரவைக்கும்.

பிடுங்கவேண்டிய சந்தர்ப்பமே இல்லையா? ஒன்று உண்டு. அழுத்திப் பிடித்தும் மூன்று தடவை மறுபடி மறுபடி சொட்டினால் பிடுங்கலாம். நீங்கள் அல்ல, டாக்டர். ஒரு கையால் இறக்கை எலும்பைத் தாங்கிக்கொண்டு, ஃபோர்செப்ஸால் இறகின் அடியைப் பிடித்து, அது வளரும் திசையிலேயே நேராக இழுக்கவேண்டும். சற்றுக் கோணினாலும் குழி கிழியும். பாதியில் ஒடிந்தால் இருந்ததைவிட மோசம். "வீடியோ பார்த்துச் செய்யட்டுமா டாக்டர்?" என்று வாரம் ஒருவர் கேட்கிறார். செய்யாதீர்கள்.

டாக்டர் எங்கே என்பீர்கள். நியாயம்தான். எங்கள் கால்நடை மருத்துவப் படிப்பில் பறவை என்றாலே கோழி. நானும் அதைப் படித்து வந்தவன்தான். ராத்திரி போன் செய்தால் "நாய் மட்டும்தான் சார்" என்று வைத்துவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் கடைக்காரர் டாக்டர் ஆகிறார். பிடுங்கச் சொல்வார், கையோடு தண்ணீரில் கலக்க ஒரு ஆன்டிபயாடிக் பொடியும் விற்பார். முறிந்த இறகுக்கு அது எதற்கு? வீட்டுக்கே வந்து இறக்கை வெட்டிவிடும் ஆட்கள் இன்னும் மோசம். வளரும் இறகையும் சேர்த்து வெட்டுவார்கள். பக்கத்து இறகுகள் போய்விட்டால் புது இறகு துணையில்லாமல் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும், லேசாக இடித்தாலே முறியும். உங்கள் பறவைக்கு அண்மையில் இறக்கை வெட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

பறவை உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ, பாதம் வெளுத்தாலோ உடனே கிளம்புங்கள். பறவை பார்க்கும் டாக்டர் யார் என்று இன்றைக்கே விசாரித்து, போன் நம்பரை வாங்கி வையுங்கள். காக்டெய்ல்கள் இருட்டில் மிரள்வது சகஜம் என்பதால், கரன்ட் போனாலும் எரியும் சின்ன விளக்கு ஒன்று கூண்டருகே இருக்கட்டும். முறிந்த தண்டு காய்ந்து, அடுத்த முறை இறகு உதிரும்போது தானே விழுந்துவிடும்.