வாரம் நாலு நாள்தான் வேலை: பி.எஃப். பணத்தை எடுத்து வீட்டுக் கடனைக் கட்டலாமா?

கேள்வி: மானூர் பக்கத்துக் கிராமம். வயது 39. ஐ.டி.ஐ. முடித்து, கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 11 வருடமாக மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், நிரந்தர வேலை. ஆர்டர் குறைந்ததால் மூன்று மாதமாக ஓவர்டைம் கிடையாது, வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. 24,000 வாங்கிய கைக்கு இப்போது 16,500 வருகிறது. ஆளைக் குறைக்கப்போவதாகவும் பேச்சு. 2018-இல் வாங்கிய வீட்டுக் கடனில் இன்னும் 6.4 லட்சம் பாக்கி, மாதத் தவணை 9,400. வெளியில் 60,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். பி.எஃப்.-இல் 4 லட்சம் சொச்சம் இருக்கிறது. மனைவி பீடி சுத்துகிறாள். மகள் பத்தாவது, மகன் ஏழாவது. தை மாதம் தங்கச்சி மகளுக்குச் சடங்கு, தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். பி.எஃப்.-ஐ எடுத்து வீட்டுக் கடனைக் குறைக்கலாமா? ஏஜென்ட் ஒருவர் ஒன்றேகால் லட்சம் கொடுத்தால் சவுதிக்கு அனுப்புவதாகச் சொல்கிறார். போகலாமா?

பதில்: நீங்கள் கேட்ட இரண்டுக்கும் முன்னால் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆள் குறைக்கும் சமயத்தில் ஆபீஸில் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, டைப் அடித்த ஒரு தாளை நீட்டுவார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று அதில் இருக்கும். 'கையெழுத்துப் போட்டால் செட்டில்மென்ட் சீக்கிரம் வரும்' என்பார்கள். அன்றைக்கே போடாதீர்கள். 'வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்' என்று தாளை வாங்கிக்கொண்டு வந்து, தொழிற்சங்க ஆளிடமோ வக்கீலிடமோ காட்டுங்கள்.

அந்த ஒரு வரியில் போகும் பணம் எவ்வளவு என்று பாருங்கள். நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 11 வருடத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். நீங்களாக ராஜினாமா செய்தால் இது கிடையாது. இ.எஸ்.ஐ. பிடிப்பவர்களுக்கு வேலை போனால், தகுதி இருந்தால், சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தரும் அடல் திட்டம் ஒன்று உண்டு, அது நடப்பில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தாமாக விலகியவர்களுக்கு அதுவும் சிக்கலாகிவிடும். கிராஜுவிட்டி மட்டும் எப்படிப் போனாலும் உங்களுடையது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்றால், 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 11 வருடத்துக்கு 82,500 ரூபாய்.

இப்போது வேலையில்லாத அந்த இரண்டு நாளையும் விட்டுவிடாதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையில் ஒரு வருடம் முடித்த தொழிலாளியை வேலையில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்த நாட்களுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் பாதி தர வேண்டும், வருடத்தில் முதல் 45 நாட்களுக்காவது. உங்கள் கணக்கில் நாளுக்கு 250 ரூபாய். சம்பளச் சீட்டில் அது இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள்.

சரி, கடனுக்கு வருவோம். 6.4 லட்சம் உங்களைப் பயமுறுத்துகிறது, 60,000 சின்னதாகத் தெரிகிறது. எனக்குப் பயம் அந்த அறுபதாயிரத்தைப் பார்த்துத்தான். மூணு வட்டி என்றால் மாதம் 1,800, வருடத்துக்கு 21,600, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். வருடக் கணக்கில் 36 சதவீதம். வீட்டுக் கடன் அதில் நாலில் ஒரு பங்குதான். ஒரு மாதம் வட்டி தவறினால் அது வட்டிக்கு வட்டியாகும், அடுத்து மிரட்டலாகும். கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் 2017 அக்டோபரில் நம் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகியதை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறக்க முடியாது. அதிக வட்டி வசூலைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் என்று வந்தால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள், வாயை மூடிக்கொண்டு தாங்காதீர்கள்.

அதனால் முதல் வேலை, வீட்டில் இருக்கும் நகையில் ஒரு சங்கிலியை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்து அந்த அறுபதாயிரத்தை ஒரே தடவையில் அடைப்பது. அங்கே வட்டி வருடத்துக்கு 9, 10 சதவீதம் என்று வைத்தால்கூட 6,000 ரூபாயோடு முடிகிறது. நகையை வைக்க மனைவிக்கு மனது வராது, அது நியாயம்தான். மாதம் 1,300 மிச்சமாகும் கணக்கை எழுதிக் காட்டிப் பேசுங்கள். நகைக் கடன் வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள், வருடக் கடைசிக்குத் தள்ளினால்தான் ஏலம் வரை போகும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது புரோநோட்டைக் கையில் வாங்காமல் வரக் கூடாது. அதன் பின்பக்கம் 'அசலும் வட்டியும் முழுதாகப் பெற்றுக்கொண்டேன்' என்று தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்குங்கள். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதுவும் திரும்ப வர வேண்டும்.

இனி பி.எஃப். நாலு லட்சத்தையும் கொண்டுபோய் வீட்டுக் கடனில் போட்டாலும் அது முடியாது, இரண்டு லட்சத்துக்கு மேல் நிற்கும். நீங்கள் எழுதிக் கேட்டாலொழிய தவணையும் குறையாது, காலம்தான் குறையும். அடுத்த மாதமும் 9,400 கேட்பார்கள். கையில் ஒன்றும் இருக்காது. 2024-25-க்கு பி.எஃப். வட்டி 8.25 சதவீதம், ஆக வட்டியிலும் பெரிய லாபமில்லை. வேலை போனால் சோறு போடப்போவது அந்தப் பணம்தான். வேலை இழந்தவர்கள் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25-ஐ ஒரு வருடம் கழித்து எடுக்கலாம் என்று 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு முடிவெடுத்தது. பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கும் தகுதி பெற்றுவிட்டீர்கள். வேறு கம்பெனிக்குப் போனாலும் பழைய யு.ஏ.என். (பி.எஃப்.-க்கான நிரந்தர எண்) எண்ணையே கொடுங்கள்.

வீட்டுக் கடனைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. 2019 அக்டோபருக்கு முந்தைய கடன் என்பதால் அது ரெப்போ வட்டியோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) இணைக்கப்படாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ, அந்த டிசம்பரில் 5.25-க்கு இறங்கியது. பழைய கடன்காரர்களுக்கு அந்தப் பலன் முழுதாக வந்திருக்காது. கிளைக்குப் போய் 'ரெப்போவோடு இணைத்துத் தாருங்கள்' என்று எழுதிக் கொடுங்கள், சின்னக் கட்டணம் இருக்கும். கூடவே காலத்தையும் நீட்டிக் கேளுங்கள். உங்கள் வட்டி 9.25-இலிருந்து 8.5-க்கு வந்து, பாக்கி 8 வருடம் 13 வருடமானால் தவணை ஏறத்தாழ 6,800 ஆகிவிடும். மொத்தத்தில் வட்டி கூடத்தான் செய்யும், நிலைமை சரியானதும் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். மிதக்கும் வட்டிக் கடனுக்கு அபராதம் கிடையாது. நெருக்கடியில் நீட்டினால் 'மறுசீரமைப்பு' என்று சிபிலில், அதாவது உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில், ஏறலாம், ஆனாலும் தவறிய தவணையைவிட அது மேல். வங்கிக்கு ஒரு தவணைகூடத் தவறுவதற்கு முன்னால் போங்கள். 90 நாள் கட்டாமல் விட்டால் வாராக் கடனாகி, பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும்.

உங்கள் மனைவியின் பீடிக் கூலியில் பி.எஃப். பிடிக்கிறார்களா, பாஸ்புத்தகத்தில் சுத்திய கணக்கு முழுதாக ஏறுகிறதா என்று பாருங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகள் இருவருக்கும் மத்திய தொழிலாளர் நல அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை உண்டு. மேல்படிப்பு ஏற ஏற தொகையும் ஏறும், தொழிற்படிப்புக்கு வருடம் 25,000 வரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் அட்டை பீரோவில் கிடக்கிறது, பணம் கேட்பாரில்லாமல் போகிறது.

சீர் விஷயம். செய்யாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் கடன் வாங்கித் தட்டு எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். இப்போதே தங்கச்சியையும் அவள் வீட்டுக்காரரையும் பார்த்து, 'கம்பெனியில் இப்படி இருக்கு, மகளுக்குப் பட்டும் ஒரு சின்ன நகையும் என் பொறுப்பு, மீதியைப் பிறகு பார்த்துக்கலாம்' என்று சொல்லிவிடுங்கள். தை மாதம் மண்டபத்தில் வைத்துத் தெரிந்தால்தான் மனத்தாங்கல் வரும். நாலு மாதம் முன்னாலேயே சொன்னால் கூடப்பிறந்தவளுக்குப் புரியும்.

வேலைக்கு வருவோம். உங்கள் தொழில் ஒரு கம்பெனியோடு முடிகிற தொழில் இல்லை. அதே கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் ஆலை ஓடுகிறது. ராதாபுரம், பணகுடி, கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பு இருக்கிறது, உயரம் ஏறத் தயங்காதவர்களுக்கு. வீட்டுக் கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மத்திய மானியம் வந்த பிறகு, நிறுவும் வேலைக்கும் கை தேவைப்படுகிறது. பயோடேட்டாவில் 'மெயின்டனன்ஸ், 11 வருட அனுபவம்' என்று ஒற்றை வரி போட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். எந்தெந்த மெஷின், எத்தனை ஹெச்.பி. மோட்டார், பேனல் போர்டு நீங்களே வயரிங் செய்ததா, பி.எல்.சி.யில் ஃபால்ட் பார்க்கத் தெரியுமா என்று பிரித்து எழுதுங்கள். வயர்மேன் லைசென்ஸ் இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். வேலை இல்லாத நாட்களில் மானூர் சுற்றுவட்டாரத்தில் பம்புசெட் மோட்டார் வேலை எடுத்தால் வீட்டுச் செலவுக்காவது வரும். புது வேலையில் இரண்டாயிரம் குறைத்துக் கொடுத்தாலும், வேலையில் இருக்கும்போதே மாறுவது நல்லது. வேலை போன பிறகு பேரம் பேச முடியாது.

சவுதி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றேகால் லட்சம் கேட்பவர் வேண்டாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதுவும் ரசீதோடு. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் எலக்ட்ரீஷியன் வேலை வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். சம்பளமும் வேலையின் பெயரும் எழுதிய ஒப்பந்தத்தைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.