டெலஸ்கோப் இல்லாத காலத்து கிரகக் கணக்கு

கேள்வி: டெலஸ்கோப், கம்ப்யூட்டர் ஒண்ணுமே இல்லாத காலத்துல எந்த கிரகம் எங்க இருக்கும்னு துல்லியமா சொன்னாங்களே, ஞானதிருஷ்டி இல்லாம இது எப்படி சார் முடியும்?

பதில்: ஞானதிருஷ்டின்னா தப்பே வந்திருக்கக் கூடாதே சார், வந்துச்சே! அதுக்கு அப்புறம் வர்றேன்.

வெள்ளிய எடுத்துக்கோங்க. சாயங்காலம் மேற்கால தெரியும், சில மாசத்துல காணாம போகும், அப்புறம் விடிகாலையில கிழக்கால வந்து நிக்கும், இந்த ஆட்டம் ஒரு ரவுண்டு முடிய சுமார் 584 நாள். அஞ்சு ரவுண்டுக்கு 2920. எட்டு வருஷத்துக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ரெண்டு நாள் சொச்சம் உதைக்கும். அப்ப எட்டு வருஷத்துக்கு முந்தின குறிப்ப எடுத்து ரெண்டு நாள கழிச்சா வேலை முடிஞ்சுது! பாபிலோன்காரங்க (இன்னிக்கு ஈராக் இருக்கிற பகுதி) இதத்தான் செஞ்சாங்க, ஆட்டம் அதே மாதிரி திரும்பி வர சனிக்கு 59 வருஷம், வியாழனுக்கு 71 இல்லன்னா 83, செவ்வாய்க்கு 47 இல்லன்னா 79. இதுக்காக நூற்றாண்டு கணக்குல களிமண் பலகையில எழுதி வச்சிருக்காங்க, மேகம் மூடுன ராத்திரிக்கு 'பார்க்கல'ன்னு கூட குறிச்சிருக்கான் மனுஷன். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நம்ம ஆரியபட்டர் (கி.பி. 499) ரூட்டு வேற. மகாயுகம் 43,20,000 வருஷம், அதுக்குள்ள வியாழன் 3,64,224 சுத்துன்னு வச்சார், வகுத்துப் பாருங்க, சுத்துக்கு 11.86 வருஷம், இன்னிக்கு சொல்றதும் அதேதான். கலியுகம் தொடங்கி எத்தன நாள் ஆச்சுன்னு எண்ணி திரைராசிகம் (இத்தன நாளுக்கு இத்தன சுத்துன்னா, அத்தன நாளுக்கு எத்தனங்கிற விகிதக் கணக்கு) போட்டா சராசரி இடம் கிடைச்சிடும். ஆனா கிரகம் சராசரியா ஓடாதே, வேகம் கூடும் குறையும், நடுவுல வக்ரம்னு பின்னால வேற போற மாதிரி தெரியும் (நாம நிக்கிற பூமியும் ஓடுதுல்ல, அதனால), அதுக்குத்தான் வேக மாத்தத்துக்கு மந்தம், வக்ரத்துக்கு சீக்கிரம்னு ரெண்டு திருத்தம், வட்டத்து மேல வட்டம் போட்டு சைன் அட்டவணைய வச்சு கூட்டிக் கழிச்சாங்க. எகிப்து அலெக்சாண்டிரியாவுல டாலமிங்கிற பழங்கால வானியல் அறிஞர் போட்டதும் வட்டத்து மேல வட்டம்தான்.

இப்ப உங்க 'துல்லியமா'வுக்கு வர்றேன். 1563ல வியாழனும் சனியும் ஒட்டி வந்தப்ப, டாலமி வழியில போட்ட அட்டவணை ஏறக்குறைய ஒரு மாசம் தப்பு. சின்னப் பிசகுதான், பல நூறு வருஷத்துல வட்டி குட்டி போட்டிருச்சு. அதப் பார்த்து கடுப்பான 16 வயசு டென்மார்க் பையன் டைக்கோ பிராஹே, அப்புறம் வாழ்நாள் பூரா வெறுங்கண்ணாலயே வானத்த அளந்தார், டெலஸ்கோப்ப கண்ணால பார்க்காமலே 1601ல போயும் சேர்ந்துட்டார்.