பாயிண்ட் ராபர்ட்ஸ் அமெரிக்க ஊர்தானே, அங்கே தரைவழியாகப் போக ஏன் கனடாவைக் கடக்க வேண்டும்?

வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பாயிண்ட் ராபர்ட்ஸ், நகராட்சி அந்தஸ்து இல்லாத ஊர். அதாவது ஊருக்குப் பெயர் உண்டு, மக்கள் உண்டு, ஆனால் தனக்கென்று மேயரோ நகராட்சி மன்றமோ கிடையாது. சாலை, காவல் எல்லாம் வாட்கம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகம்) பார்த்துக்கொள்கிறது.

சரி, ஊர் ஏன் இப்படித் தனியாகக் கிடக்கிறது? 1846-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் 49-ஆவது அட்சரேகையை எல்லையாக வைத்துக்கொண்டன. தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் சவாசன் தீபகற்பத்தின் நுனியை அந்த நேர்கோடு வெட்டிவிட்டது. நுனி அமெரிக்காவுக்கு, மீதி இன்றைய கனடாவில். சுமார் 13 சதுர கிலோமீட்டர்தான். மூன்று பக்கமும் கடல், வடக்கே கனடா.

சொந்த வீட்டுப் பின்கட்டுக்குப் பக்கத்து வீட்டு முற்றம் வழியாகப் போவது போலத்தான் இது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் அமெரிக்கப் பெருநிலத்தில் உள்ள பிளெய்ன் நகரப் பள்ளிக்குப் பேருந்தில் போனால், காலையில் இரண்டு எல்லைச் சாவடி, மாலையில் இரண்டு. இதை அந்தப் பிள்ளைகள் அன்றாடம் செய்வது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பலர் இதைத் தீவு என்று எண்ணுகிறார்கள். கனடாவோடு நிலத்தால் ஒட்டியிருக்கும் தீபகற்ப முனை இது.