எண்காட்டி 120 அடி என்கிறது, ஈயக்குண்டு எங்கே இருக்கிறது?

கேள்வி: கனடாவின் சர்ரே நகரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு 17 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதோடு இரண்டு டவுன்ரிகர்களும் (குண்டு கட்டிய கம்பியால் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) 10 பவுண்டு ஈயக்குண்டுகளும் வந்தன. கோடையில் 40, 50 அடி ஆழத்தில் கோஹோ சால்மன் நன்றாகவே கிடைத்தது. ஜனவரியில் போவன் தீவுக்குத் தெற்கே மூன்று முறை போய், 120 அடியில் இழுத்தும் ஒரு சினூக் சால்மன்கூடக் கடிக்கவில்லை. ஒருமுறை குண்டு பாறையில் மாட்டி, படகு சாய்ந்து, பயந்துவிட்டோம். வேகம் தவறா, தூண்டில் தவறா, இடம் தவறா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது அந்த "120 அடி" என்ற எண்தான். அது டவுன்ரிகரின் எண்காட்டி சொன்னது என்றால், உங்கள் தூண்டில் 120 அடியில் ஓடியிருக்க வாய்ப்பே இல்லை. எண்காட்டி அளப்பது வெளியே போன கம்பியின் நீளத்தை. படகு நகரும்போது நீர் குண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது, கம்பி சாய்கிறது. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் 120 அடிக் கம்பியில் குண்டு இருப்பது ஏறக்குறைய 104 அடியில். 45 பாகை சாய்ந்தால் வெறும் 85 அடி. கம்பி நீருக்குள் வளைந்து ஓடுவதால் இது தோராயக் கணக்குதான், ஆனாலும் நிலைமையைப் புரிந்துகொள்ளப் போதும். நீங்கள் டவுன்ரிகரைப் பழையதாக வாங்கியிருப்பதால் இன்னொரு சந்தேகமும் எழுகிறது. பல எண்காட்டிகள் உருளையின் சுற்றுகளைத்தான் எண்ணுகின்றன. முன்பிருந்தவர் கம்பியை அறுத்து அறுத்துக் குறைத்திருந்தால், உருளையில் கம்பியின் தடிமன் குறைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியேறும் நீளமும் குறையும். எண் மட்டும் பழைய கணக்கிலேயே ஏறிக்கொண்டிருக்கும்.

எனக்கும் இது முதல் குளிர்காலத்தில் நடந்தது. ஒலியால் ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டர் தரை 110 அடியில் என்றது, என் எண்காட்டியில் 130, ஆனால் குண்டு தரையைத் தொடவே இல்லை. அன்றுதான் எண்காட்டியை நம்புவதை விட்டேன்.

இருபது அடி வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பீர்கள். கோடையில் நீங்கள் பிடித்த கோஹோ மேல் நீரில் அலையும் மீன். குளிர்காலச் சினூக் அப்படி அல்ல. அது முட்டையிட ஆறு நோக்கிப் போகும் மீனும் அல்ல, இன்னும் ஓரிரு ஆண்டு கடலில் மேய்ந்து வளர வேண்டிய இளம் மீன். இந்தக் கரையில் இதை விண்டர் ஸ்பிரிங் என்பார்கள். எல்லைக்குத் தெற்கே வாஷிங்டன் மாநிலத்தில், கீழ்த்தாடை ஈறு கறுத்திருப்பதால் பிளாக்மவுத் என்பார்கள். இப்போது அதற்கு இருக்கும் ஒரே வேலை தின்பது. அதன் தீனியோ கீழே இருக்கிறது: நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் கூட்டங்கள், மணலுக்குள் புதைந்து கிடக்கும் சேண்ட் லான்ஸ் என்ற விரல் மொத்த மெல்லிய மீன். அதனால் சினூக் தரையை ஒட்டியே மேய்கிறது. தரைக்கு மேல் ஐந்து முதல் பதினைந்து அடிக்குள் உங்கள் தூண்டில் ஓடவேண்டும். முப்பது அடி மேலே ஓடினால் வெறும் நீரைத்தான் கலக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் குண்டை மாற்றுங்கள். குளிர்கால ஆழத்துக்கு 10 பவுண்டு போதாது. உங்கள் டவுன்ரிகரின் கை 15 பவுண்டைத் தாங்குமா என்று உறுதிசெய்துகொண்டு அதற்கு மாறுங்கள். சாய்வு கண்கூடாகக் குறையும்.

அடுத்தது வேகம். ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துப் பார்த்த வேகம், மீன் உணர்வது நீருக்குள் தூண்டில் ஓடும் வேகம். நீரோட்டத்தை எதிர்த்து ஓட்டும்போது ஜிபிஎஸ் 1 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்று காட்டினாலும் தூண்டில் 2.5 நாட்டில் பறந்துகொண்டிருக்கலாம். ஆகவே கம்பியின் சாய்வையும் கழியின் நுனியையும் பாருங்கள். மீனை ஈர்க்கத் தூண்டிலுக்கு முன்னால் கட்டும் பளபளப்பான தகடுதான் ஃப்ளாஷர். 11 அங்குல ஃப்ளாஷர் சரியாகச் சுழலும்போது கழியின் நுனி சீராகத் தலையாட்டும். ஆட்டம் நின்றால் வேகம் போதவில்லை அல்லது ஏதோ மாட்டியிருக்கிறது. நீருக்குள் 2 முதல் 2.5 நாட் என்பது நல்ல தொடக்கம். நீரோட்டத்தோடு சேர்ந்து ஓட்டுவதையே நான் விரும்புகிறேன். மீன் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், தூண்டில் அதன் முகத்துக்கு நேராக வரும்.

திரும்பும்போது ஒரு கவனம் வேண்டும். படகு வளையும்போது உட்புறக் கம்பியின் வேகம் குறைந்து குண்டு கீழே இறங்கும், வெளிப்புறக் குண்டு மேலே ஏறும். தரையை ஒட்டி ஓட்டுகிறவர் திரும்புமுன் உட்புறக் குண்டைப் பத்து அடியாவது தூக்கிவிட வேண்டும். உங்கள் குண்டு மாட்டியதும் ஒரு திருப்பத்தில்தான் என்று நினைக்கிறேன். அப்படி மாட்டினால் உடனே எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, டவுன்ரிகரின் பிரேக்கைத் தளர்த்திக் கம்பியை ஓடவிடுங்கள். பிறகு மெல்லத் திரும்பிச் சென்று, மாட்டிய இடத்தைக் கடந்து மறுபக்கத்திலிருந்து இழுங்கள். பின்னோக்கி மட்டும் ஓட்டாதீர்கள்: கம்பி ப்ரொப்பெல்லரில் சுற்றும், பின்பலகையைத் தாண்டி நீர் ஏறும். நீரோட்டம் வலுத்துப் படகின் பின்புறம் தாழ்கிறது என்றால் யோசிக்காமல் கம்பியை வெட்டிவிடுங்கள். குறடு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஈயக்குண்டு கடையில் கிடைக்கும்.

தூண்டில் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், குறை அதில் இல்லை. பிளாஸ்டிக் கணவாய் போன்ற ஹூச்சிக்குச் சொந்த அசைவு கிடையாது. ஃப்ளாஷரின் உதறல்தான் அதற்கு உயிர். ஆகவே ஃப்ளாஷருக்கும் அதற்கும் இடையே உள்ள தங்கூசி 36 முதல் 42 அங்குலத்துக்குள், கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும். மூன்று அல்லது மூன்றரை அங்குல ஸ்பூன், அதாவது கரண்டி வடிவ உலோகத் தூண்டில், தானே நெளியும், அதற்கு ஐந்தாறு அடி விடலாம். அந்த ஆழத்தில் குளிர்கால வெளிச்சம் மங்கல், இருட்டில் ஒளிரும் வெள்ளையும் பச்சையும் எனக்குப் பலன் தந்திருக்கின்றன. குண்டிலிருந்து 15, 20 அடி பின்னால் விட்டால் போதும்.

இடம் சரியானதுதான். கோவன் முனையும் ரோஜர் கர்டிஸ் முனையும் குளிர்காலச் சினூக்குக்குப் பேர்போனவை. ஆனால் தரையைத் தேடிப் போகச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. போவன் தீவு இருக்கும் ஹோவ் சவுண்ட் என்ற கடல் நுழைவின் தரையில் கண்ணாடிக் கடற்பஞ்சு என்ற உயிரினங்களின் திட்டுகள் இருக்கின்றன. இத்தகைய திட்டுகள் டைனோசர் காலத்தோடு அழிந்துபோனவை என்றே கருதப்பட்டு, 1987இல் இதே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ஹெகேட் நீரிணையில் உயிரோடு கண்டறியப்பட்டவை. ஒரு ஈயக்குண்டு உரசினால் நொறுங்கிவிடும், மீண்டும் வளர மிக நீண்ட காலம் பிடிக்கும். 2019 முதல் ஹோவ் சவுண்டில் பாதுகாக்கப்பட்ட திட்டுகளின் மேல் டவுன்ரிகர் பயன்படுத்தவே தடை இருக்கிறது. ராக்ஃபிஷ் என்ற பாறை மீன்களுக்கான பாதுகாப்புப் பகுதிகளில் சால்மனுக்கும் தூண்டில் போடக்கூடாது. இந்த எல்லைகளைப் படகின் வரைபடக் கருவியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சினூக் விதிகள் பருவத்தின் நடுவிலும் மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

ஹோவ் சவுண்டில் 62 சென்டிமீட்டருக்குக் குறைந்த சினூக்கை வைத்துக்கொள்ள முடியாது. தூண்டில் முள்ளில் எதிர்முள் இருக்கக்கூடாது. குளிர்காலத்தில் கடிப்பவற்றில் பல சிறியவை. அவற்றின் எடைக்கு, தங்கூசியை டவுன்ரிகர் கம்பியோடு பிடித்திருக்கும் கிளிப் விடுபடாது, கழியும் அசையாது, மீன் ஆழத்திலேயே இழுபட்டுச் சாகும். இன்னும் இரண்டு ஆண்டில் பெரிய மீனாகி ஆற்றுக்குத் திரும்பவேண்டிய உயிர் அது. கடி தெரியாவிட்டாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே எடுத்துப் பாருங்கள். சிறியது இருந்தால் நீரிலிருந்து தூக்காமல், முள்ளைத் தட்டிவிடும் கொக்கியால் படகோரத்திலேயே விடுவியுங்கள்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஹோவ் சவுண்ட் வழியே பாயும் காற்றுக்கு ஸ்குவாமிஷ் என்றே பெயர். 17 அடிப் படகு அதற்குத் தாங்காது. எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள். மிதவை அங்கி எல்லோரும் அணிந்திருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை. டிசம்பரில் நாலேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும்.

அடுத்த முறை போகும்போது முதல் அரை மணி நேரம் தூண்டிலே போடாதீர்கள். தடை எல்லைகளுக்கு வெளியே, பாறையில்லாத சமதரையாக, 15 முதல் 20 பாகம், அதாவது 90 முதல் 120 அடி ஆழமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான வேகத்தில் ஓட்டியபடி குண்டை மட்டும் மெல்ல இறக்குங்கள். தரையில் தட்டியதும் டவுன்ரிகரின் கை துள்ளும். அப்போது எண்காட்டி என்ன சொல்கிறது, சவுண்டர் என்ன சொல்கிறது, கம்பி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூன்றையும் எழுதுங்கள். நீரோட்டத்தோடு ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை செய்து, அந்த வித்தியாசத்தை ஒரு டேப்பில் எழுதி டவுன்ரிகர் மேலேயே ஒட்டிவிட்டுத் தூண்டிலை இறக்குங்கள்.