வீட்டை அடகு வைத்து டாக்டராக்க வேண்டாம், ஆச்சி

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். மகளுக்கு நீட் மதிப்பெண் போதவில்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சீட் வாங்கித் தருகிறேன் என்று மாமா நிற்கிறார். வீட்டை அடகு வைக்கலாமா? மகளோ மைக்ரோபயாலஜிதான், அதாவது நுண்ணுயிர்களைப் பற்றிய படிப்புதான், படிப்பேன் என்கிறாளாம்.

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வீட்டுப் பத்திரத்தில் கை வைக்காதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே தனித் தேர்வில் தேறினால்தான் மருத்துவம் பார்க்க முடியும். பலர் அதில் தவறி நிற்கிறார்கள். மகள் கேட்காத படிப்புக்கு இவ்வளவு கடன் எதற்கு? வட்டி கட்டப் போவது மாமா அல்ல.

அவள் கேட்பது லேசுப்பட்ட வேலையும் இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. டி.பி.க்கு முதலில் கைகொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மண் நுண்ணுயிரிலிருந்துதான் கிடைத்தது.

மண்ணிலிருந்து இப்படி மருந்து தேடும் வேலை இப்படி இருக்கும். வேரோரத்து மண்ணை நீரில் கரைத்து, பல மடங்கு நீர்க்க வைத்து, நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டில் பரப்புவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் சுண்ணாம்புப் பொடி தூவியது போல நுண்ணுயிர்க் கூட்டங்கள் புள்ளி புள்ளியாக முளைக்கும். மூடியைத் திறந்தால் கோடை மழைக்கு நம் செம்மண்ணில் கிளம்பும் அதே வாசம்! ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாசம் அது. அப்புறம் நோய்க்கிருமி பரப்பிய தட்டில் அந்தப் புள்ளியை வைப்பார்கள். சுற்றிலும் கிருமி வளராமல் வட்டம் விழுந்தால், கிருமியைத் தடுக்கும் ஏதோ ஒன்று அதில் சுரக்கிறது. பெரும்பாலும் அது ஏற்கெனவே தெரிந்த மருந்தாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை ஆகாது. மண் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பகுதி லேபில் வளர்வதே இல்லை. அவற்றை மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் ஐசிப் என்ற சிறு கருவியால்தான் டெய்க்ஸோபாக்டின் என்ற புதிய கிருமிக்கொல்லிப் பொருள் கிடைத்து, 2015-இல் அறிவிக்கப்பட்டது.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி.யோடு நின்றால் வருமானம் சுமார்தான். எம்.எஸ்சி. முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்க வேண்டும், 2023 முதல் அதற்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பி.எஸ்சி.யை அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் படித்தால் கடனே வேண்டாம். மேற்படிப்புக்குக் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆராய்ச்சி வேண்டாம் என்று பிறகு தோன்றினால் மருந்துக் கம்பெனிகளின் தரப் பரிசோதனைப் பிரிவு உண்டு.

சேர்க்கும் முன் கல்லூரி லேபை மகளோடு போய்ப் பாருங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர்கள் கையாலேயே தட்டு போடுகிறார்கள் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். சரியான பதில் வராத கல்லூரியில் பணம் கட்டாதீர்கள்.