அப்பாவின் சொப்பின் பையும் உங்கள் வரிக் கணக்கும்

கேள்வி: நான் கிளிநொச்சியில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் களப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 165,000 ரூபாய். அதில் மாதாமாதம் 900 ரூபாய் வரியாகக் கழிக்கிறார்கள். சீதனமாக வந்த வவுனியா வீட்டை மாதம் 45,000-க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். 20 இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது, வருஷத்துக்கு 160,000 வட்டி வருகிறது, அதிலும் வங்கி 10 வீதம் எடுத்துவிடுகிறது. வீட்டுக் கூரையில் சோலார் போட்டு, அந்தக் கடனுக்கு மாதம் 18,000 கட்டுகிறேன். கணவர் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் ஆறு ஏக்கர் நெல் செய்கிறார், செலவு போக வருஷத்துக்கு ஆறு, ஏழு இலட்சம் மிஞ்சும். கனடாவில் இருக்கும் அண்ணா இடைக்கிடை காசு அனுப்புவார். அப்பா ஓய்வுபெற்ற தபால் அதிபர், ஓய்வூதியமும் 30 இலட்சம் வைப்பின் வட்டியும்தான் அவருடைய வருமானம். அவருடைய வட்டியிலும் மாதம் 2,000 போகிறது. சம்பளத்தில் ஏற்கெனவே கழிப்பதால் நான் இறைவரித் திணைக்களத்துக்கு வருஷ வருமான விவரத்திரட்டு அனுப்பத் தேவையில்லை என்கிறார்கள் அலுவலகத்தில். பிள்ளைகளின் ரியூசன் காசு, காப்புறுதி, கோயில் திருப்பணிக்குக் கொடுத்த ஒரு இலட்சம் எல்லாவற்றையும் கழிக்கலாம் என்கிறது யூடியூப். எதை நம்புவது?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, முதலில் அந்த யூடியூப்பை மூடி வையுங்கள். நீங்கள் பார்த்தது அநேகமாகத் தமிழ்நாட்டுக் காணொளி. 80சி என்ற பிரிவு, காப்புறுதித் தவணைக் கழிவு, வீட்டு வாடகைப்படி எல்லாம் இந்திய வருமான வரிச் சட்டத்துக்குரியவை. மொழி ஒன்று என்பதற்காகச் சட்டம் ஒன்றாகாது. நமக்கு இருப்பது 2017-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதற்கு வந்த திருத்தங்களும். பரந்தனிலிருந்து ஒரு தம்பி போன வருஷம் 80சி என்று எழுதிய கணக்குத் தாளோடு என்னிடம் வந்தார். மூன்று இரவு இருந்து எழுதியிருந்தார், பாவம். அதில் ஒன்றும் இங்கே செல்லவில்லை.

ரியூசன் காசு, வைத்தியச் செலவு, வீட்டுக் கடன் வட்டி என்று செலவுகளைக் கழிக்க இங்கேயும் ஒரு காலம் இடமிருந்தது. 2020 ஜனவரியில் வந்த அந்தச் சலுகை 2022 டிசம்பரோடு போய்விட்டது. பழைய நினைவில் இன்னும் பலர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கேட்காதீர்கள். கோயிலுக்குக் கொடுத்ததும் கழியாது. அரசு அங்கீகரித்த தர்ம நிறுவனத்துக்குக் காசாகக் கொடுத்தால்தான் கழிக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு: வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஊர் அம்மன் கோயில் திருப்பணி அந்தக் கணக்கில் வராது. அம்மனுக்குக் கொடுத்ததை அம்மனுக்கே கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி உங்கள் கணக்கு. வரிமதிப்பாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி அடுத்த மார்ச் 31-இல் முடியும். 2026 மார்ச்சில் முடிந்த 2025/2026-ஐ எடுப்போம். சம்பளம் 12 மாதத்துக்கு 1,980,000. வாடகை 540,000. வட்டி 160,000. எல்லாம் சேர 2,680,000. வட்டியை எழுதும்போது வங்கி கழித்த பிறகு கைக்கு வந்த 144,000-ஐ எழுதாதீர்கள், கழிக்க முன் இருந்த முழுத் தொகையை எழுதுங்கள். இந்த இடத்தில் பிழை விடாதவர்களை நான் கண்டது குறைவு.

இதிலிருந்து கழிபவை மூன்று. தனிநபர் விடுவிப்பு, அதாவது ஆளுக்கு வரி இல்லாமல் விடும் தொகை, 1,800,000. இது 2025 ஏப்ரல் முதல் உள்ள அளவு, அதற்கு முன் 1,200,000. அடுத்தது வாடகையில் கால்வாசி, உங்களுக்கு 135,000. வீட்டின் பழுதுபார்ப்பு, தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 25 வீதம். ஆகவே ஓடு மாற்றிய பில்லைத் தனியாக இன்னொரு தடவை கழிக்க முடியாது. மூன்றாவது சோலார். தேசிய மின்கட்டமைப்போடு இணைத்த சூரிய மின்தகடுகளுக்குச் செலவழித்த காசையோ அதற்காக எடுத்த வங்கிக் கடனுக்குக் கட்டிய காசையோ வருஷத்துக்கு 600,000 வரை கழிக்கலாம். நீங்கள் கட்டியது 216,000. கடன் யாருடைய பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் பெயரில் இருந்தால்தான் உங்கள் கணக்கில் கழிக்கலாம், கணவர் பெயரில் இருந்தால் இதை நீங்கள் கேட்க முடியாது. கடன் ஒப்பந்தத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கள்.

உங்கள் பெயர்தான் என்று வைத்துக்கொண்டால், மூன்றும் சேர 2,151,000. மிஞ்சும் வரிக்குரிய வருமானம் 529,000. முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம் என்பதால் வரி 31,740. இதில் சம்பளத்தில் கழித்தது 10,800, வங்கி கழித்தது 16,000, ஆக 26,800 ஏற்கெனவே கட்டியாயிற்று. நீங்கள் இன்னும் கட்ட வேண்டியது 4,940 ரூபாய். சோலார் இல்லாவிட்டால் இது 17,900 ஆகியிருக்கும்.

சம்பளத்தில் கழிப்பதால் விவரத்திரட்டு வேண்டாம் என்று அலுவலகத்தில் சொன்னது உங்களுக்குப் பொருந்தாததும் இதனால்தான். முதலாளிக்கு உங்கள் சம்பளம் மட்டுமே தெரியும், வவுனியா வீடு தெரியாது. சம்பளத்துக்கு வெளியே வருமானம் இருந்து அதற்கு வரியும் மிஞ்சுகிறபடியால் நீங்கள் விவரத்திரட்டு அனுப்பியே ஆக வேண்டும். மீதி வரியை 2026 செப்டெம்பர் 30-க்குள் கட்டி, விவரத்திரட்டை நவம்பர் 30-க்குள் கொடுங்கள். 4,940 தானே என்று விட்டுவிடாதீர்கள். பிந்தினால் வரும் தண்டம் உங்கள் வரியைப் பார்த்துச் சிறிதாகாது. ஆகக் குறைந்தது 50,000 ரூபாய், பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 10,000, இப்படி 400,000 வரை போகச் சட்டத்தில் இடம் உண்டு. ஐயாயிரத்துக்கு ஐம்பதாயிரம் கட்ட வேண்டி வந்தவர் ஒருவருக்காக நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மனிசனின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அப்புறம், நவம்பர் நமக்கு மழைக்காலம், மின்சாரமும் இணையமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. இணையத்தில் நிரப்புவதற்கான கடவு எண்ணைச் செப்டெம்பரிலேயே எடுத்து வையுங்கள். அலுவலகத்தில் சம்பளத்தில் கழித்த வரியைக் காட்டும் டி-10 சான்றிதழையும் வங்கியில் வட்டி, வரிக் கழிவுச் சான்றிதழையும் இப்போதே கேளுங்கள். இந்த இரண்டு தாள்களும் இருந்தால்தான் 26,800 கட்டியாயிற்று என்று காட்டலாம்.

கணவரின் கணக்கு வேறு. இங்கே புருஷன் பெண்சாதிக்கு ஒரே விவரத்திரட்டு என்று கிடையாது, ஆளுக்கு ஆள் தனித்தனி. நெல்லுக்கு வரியே இல்லை என்று வயல் வரம்பில் சொல்லும் கதை ஒரு காலத்தில் உண்மைதான். 2019 ஏப்ரல் 1 முதல் ஐந்து வருஷத்துக்கு விவசாய இலாபத்துக்கு விலக்கு இருந்தது, 2024 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இப்போது அதுவும் வருமானம்தான். ஆனால் அவருக்கும் 1,800,000 விடுவிப்பு உண்டு, ஆறு ஏழு இலட்சத்துக்கு ஒரு சதமும் வரி வராது. அவருக்கு டின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கம் எடுத்தால் வரி கேட்பார்கள் என்று பயப்பட வேண்டாம், இலக்கம் இருப்பதால் மட்டும் வரி வராது. திணைக்களம் விவரத்திரட்டுக் கேட்டு அறிவித்தல் அனுப்பினால் மட்டும், வரி இல்லை என்றாலும் பேசாமல் இருந்துவிடாமல் நிரப்பி அனுப்புங்கள். அதற்காக உழவுகூலி, உரம், எண்ணெய், வெட்டுக்கூலி, மில்லில் நெல் போட்ட துண்டு எல்லாவற்றையும் போகம் போகமாக ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் விதைக்கும் பரப்பு தீர்மானமாகிறது. அதனால் ஒரு வருஷத்துக் கணக்கை அடுத்த வருஷத்துக்கு அப்படியே எழுத முடியாது.

அண்ணா அனுப்பும் காசு உங்கள் வருமானம் அல்ல, அது குடும்ப உதவி. அதை வைப்பில் போட்டால் அதற்கு வரும் வட்டி மட்டும் உங்கள் கணக்கில் ஏறும். வங்கி வழியாக வந்ததற்கான துண்டுகளை வைத்திருங்கள், பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதுதான் பதில்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நெருடியது அப்பாவின் அந்த 2,000 ரூபாய்தான்.

அரசாங்க ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு. அப்படியென்றால் அவருடைய கணக்கில் வருவது வைப்பு வட்டி 240,000 மட்டும். 1,800,000-க்குக் கிட்டவும் இல்லை, அவர் ஒரு சதம் வரியும் கட்டத் தேவையில்லாத மனிதர். ஆனாலும் 2025 ஏப்ரல் முதல் வங்கிகள் வட்டியில் 10 வீதம் கழிக்கின்றன, அதற்கு முன் 5 வீதம். வருமானம் 1,800,000-ஐத் தாண்டாதவர்கள் கழிக்க வேண்டாம் என்று வங்கிக்கு ஒரு சுய பிரகடனப் படிவம் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் கழிப்பார்கள், யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். வருஷத்துக்கு 24,000 ரூபாய். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது எத்தனை மாத மருந்துக் காசு என்று உங்களுக்குத் தெரியும்.

இதே விஷயமாகப் போன வருஷம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையோடு ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். அப்படி ஒரு படிவமே இல்லை என்றார்கள் முன் மேசையில். நாங்கள் எழும்பவில்லை. முகாமையாளரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தோம். அரை மணித்தியாலத்தில் அவருடைய லாச்சிக்குள் இருந்தே படிவம் வந்தது. அந்த அம்மா கையொப்பம் வைக்கும்போது ஒரு சொப்பின் பையைப் பிரித்தார். அதற்குள் அடையாள அட்டை, ஓய்வூதிய அட்டை, பிறப்புச் சான்றிதழ், வைப்புச் சான்றிதழ், எல்லாம் இன்னொரு பொலித்தீனால் சுற்றி, றப்பர் வளையம் போட்டு இருந்தன. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீடு வாசல் எல்லாம் விட்டு ஓடியபோதும் வன்னியில் ஆட்கள் விடாமல் கொண்டு திரிந்த பை அது. உங்கள் அப்பாவிடமும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பைக்குள் இருக்க வேண்டிய இன்னுமொரு தாள்தான் இந்தப் படிவத்தின் பிரதி. வங்கியின் முத்திரையோடு வாங்கி அதற்குள் வையுங்கள். படிவம் ஒரு வரிமதிப்பாண்டுக்குத்தான் செல்லும், ஒவ்வொரு ஏப்ரலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கழித்த 24,000-ஐயும் விடாதீர்கள். அப்பாவின் பெயரில் டின் எடுத்து, 2025/2026-க்கு விவரத்திரட்டு அனுப்பி, வங்கியின் கழிவுச் சான்றிதழை இணைத்து, மீளளிப்புக் கேளுங்கள். உடனே வராது, பின்னால் திரிய வேண்டி வரும். ஆனாலும் அது அவருடைய காசு, கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944-க்கு எடுத்துத் தமிழில் கேளுங்கள், யாழ்ப்பாணத்தில் உள்ள பிராந்திய அலுவலகத்துக்கும் போகலாம். ஆனால் உங்கள் வைப்புக்கு இந்தப் படிவத்தைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வருமானம் எல்லையைத் தாண்டிவிட்டது, அது பொய்ப் பிரகடனமாகிவிடும்.

உங்கள் விவரத்திரட்டுக்கு நவம்பர் வரை நாள் இருக்கிறது. அப்பாவின் வட்டி ஒவ்வொரு மாதமும் விழுகிறது, 2,000 ஒவ்வொரு மாதமும் போகிறது. ஆகவே முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள், இந்தத் திங்கட்கிழமையே.