சறுக்கப் போனால் தோள் ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 56. நங்கநல்லூரில் இருக்கிறேன். மகள் ஃபின்லாந்தில், தம்பெரே என்ற ஊரில் (தாம்பரம் இல்லை!) வேலை பார்க்கிறாள். போன பிப்ரவரியில் அங்கே க்ராஸ் கன்ட்ரி ஸ்கீ (பனியில் நடப்பது போலச் சறுக்கிப் போகும் நீளப் பலகை) கட்டிப் பார்த்தேன். அரை கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. இரண்டு நாள் தோளைத் தூக்க முடியவில்லை. என்னைவிட மூத்த பாட்டிகள் அலுங்காமல் தாண்டிப் போனார்கள். இந்த முறை கைக்கு ஜிம் பயிற்சி எடுக்கட்டுமா? தி.நகரில் ஒரு டிராவல்ஸ்காரர் மணாலியில் 5 நாள் ஸ்கீ பயிற்சிக்கு 60,000 ரூபாய் கேட்கிறார். போகலாமா?

பதில்: ஜிம்மும் வேண்டாம், மணாலியும் வேண்டாம் அம்மா.

சைக்கிளில் நாலு மிதி மிதித்துவிட்டுக் காலை நிறுத்தினால் வண்டி தானே உருளும். அந்தப் பாட்டிகள் அப்படி உருளும் நேரத்தில்தான் ஓய்வெடுக்கிறார்கள். நீங்கள் உருளவே விடாமல் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

கிளாசிக் ஸ்கீயின் (கால்களை இணையாக வைத்துச் சறுக்கும் வகை) நடுப்பகுதி, பாதத்துக்கு நேர் கீழே, வில் மாதிரி மேலே வளைந்திருக்கும். பனியைப் பிடிக்கும் பட்டையோ செதிலோ மெழுகோ அங்கேதான் இருக்கிறது. உடம்பின் முழு எடையையும் ஒரே காலில் வைத்து அழுத்தினால்தான் வில் அமுங்கிப் பிடிக்கும். பயத்தில் இரண்டு காலிலும் பாதிப் பாதி எடை வைத்தால் எதுவும் பிடிக்காது, பின்னால் வழுக்கும். வழுக்கும்போது கோலை ஊன்றிச் சமாளிப்பது கைதான். உங்கள் தோள்வலி வந்த வழி இதுதான்.

ஆகவே, பாதம் இடுப்புக்குக் கீழே இருக்கும்போதே சட்டென்று கீழ்நோக்கி மிதியுங்கள். கால் பின்னால் போன பிறகு உதைத்தால், பெசன்ட் நகர் கடற்கரையின் உலர்ந்த மணலில் வேகமாக நடக்கிற கதைதான். மிதித்ததும் எடை முழுவதையும் மறு காலுக்கு மாற்றி, ஒன்று, இரண்டு எண்ணும்வரை அதன்மேலேயே சறுக்குங்கள். இதற்கு இங்கேயே பழகலாம்: தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பக்கத்தில் சுவர் இருக்கட்டும்.

கோலின் வாரில் கையைக் கீழிருந்து நுழையுங்கள். தள்ளி முடிக்கும்போது விரல்கள் திறக்கட்டும், இறுக்கிப் பிடித்தால் முழங்கை வரை வலிக்கும். லேசான இறக்கத்தில் இரண்டு கோலையும் சேர்த்து ஊன்றி, உடம்பை அதன்மேல் சாய்த்துத் தள்ளுங்கள். வேலையை வயிறும் எடையும் பார்த்துக்கொள்ளும். ஏற்றத்தில் அடியைக் குறுக்குங்கள். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் தடத்தை (பனியில் ஸ்கீக்காகப் போட்ட பள்ளக் கோடுகளை) விட்டு வெளியே வந்து, முனைகளை விரித்து வாத்து நடை போடுங்கள். செங்குத்தான இறக்கமா? கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடங்கள், தடத்தை மிதிக்காமல்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 0 டிகிரியை ஒட்டிய குளிரில் புதுப்பனி விழும் நாளில் இந்த வித்தை எதுவும் பலிக்காது. ஈரப்பனி பிடிமானப் பகுதியில் ஒட்டி, உறைந்து, ஹீல்ஸ் செருப்பு மாதிரி கட்டியாகிவிடும். அதிலும் வீட்டுச் சூட்டில் இருந்த ஸ்கீயை அப்படியே பனியில் வைத்தால் கேட்கவே வேண்டாம். கீழே பனி உருகும், உடனே உறையும். அதனால் கிளம்பும் முன் ஸ்கீயைக் கொஞ்ச நேரம் வெளியே சாய்த்து ஆறவிடுங்கள். பனி ஒட்டாமல் இருக்கப் பூசும் திரவம் கடையில் கிடைக்கும், மறக்காமல் பூசுங்கள். வழியில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், நிற்கும்போதுதான் ஒட்டும். அப்படியும் ஒட்டினால் அன்றைக்கு மகளோடு காபி குடியுங்கள்.

சரி, மணாலி. அவர் விற்பது மலையிறக்கச் சறுக்கு. அதில் கனமான பூட்ஸ், குதிகால் பூட்டியிருக்கும். உங்களுடையதில் குதிகால் தூக்க வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு சைக்கிள் ஏறுவது போல. லிஃப்ட் பாஸ், காப்பீடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஃபின்லாந்தில் பெரும்பாலான தடங்களை நகராட்சியே போட்டு இலவசமாக விடுகிறது. லிஃப்டுக்கு அங்கே வேலையே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாததற்கு டிராவல்ஸ்காரரை மட்டும் சொல்லி என்ன? க்ராஸ் கன்ட்ரி 1924 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு மாணவிக்காக விண்ணப்பம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மேசையிலும் ஒரே கேள்வி: "ஸ்கேட்டிங்கா சார்?"

வாடகைக் கடையிலும் கவனம். அவசரத்தில் உயரத்தை மட்டும் கேட்டு ஸ்கீ நீட்டுவார்கள். எடையையும் சொல்லுங்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். ஸ்கீ கட்டிச் சமதளத்தில் இரண்டு காலிலும் சமமாக நில்லுங்கள். பாதத்துக்குக் கீழே ஒரு தாளை மகள் இழுத்தால் தாராளமாக நகர வேண்டும். ஒரே காலில் நின்றால் அதே தாள் சிக்க வேண்டும். அப்போதும் நகர்ந்தால் ஸ்கீ உங்களுக்கு விறைப்பு, இரண்டு காலில் நிற்கும்போதே சிக்கினால் தொய்வு. இரண்டில் எதுவானாலும் திருப்பிக் கொடுங்கள். தாளை இங்கிருந்தே கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.